பச்சைப் பொட்டும் பதில் பெல்லும்

என் வீட்டுக்காரர் பாஸ்கரன் ஒரு இன்ஸ்பெக்டர். போலீஸ் இல்லை. மண் அள்ளும் பெரிய வண்டிகள் செய்கிற தொழிற்சாலையில், மற்றவர்கள் செய்த பாகங்களை அளந்து பார்த்துப் பெயின்ட்டால் பொட்டு வைக்கிற இன்ஸ்பெக்டர். பச்சைப் பொட்டு என்றால் தேறியது. மஞ்சள் என்றால் திருத்திக் கொண்டு வர வேண்டும். சிவப்பு என்றால் பழைய இரும்புக் குவியலுக்குப் போக வேண்டியது. இந்த உத்தியோகத்தில் என்ன சங்கடம் என்றால், ஷிப்ட் முடிந்தாலும் அது முடியாது. நான் வார்க்கிற தோசையைக்கூட வட்டம் சரியா என்று பார்த்துவிட்டுத்தான் பிய்ப்பார். பொட்டு வைக்கவில்லையே தவிர, எந்தத் தோசைக்கு எந்த நிறம் என்பது அவர் முகத்திலேயே தெரியும்.

அப்படிப்பட்டவர் தன் அக்கா வீட்டுக்குப் பெயின்ட் டப்பாவோடு கிளம்பிய கதையைத்தான் சொல்ல வந்தேன். தொண்ணூற்று ஏழாம் வருஷம் நடந்தது.

அவருடைய அக்கா தேவிகா. எனக்கு நாத்தனார், நான் கூப்பிடுவது அண்ணி என்று. சின்ன வயதில் போலியோ வந்து வலது கால் சூம்பிவிட்டது. காலுக்கு இரும்புப் பட்டை வைத்த காலிபர், கைக்கு ஒரு ஊன்றுகோல். ராபர்ட்சன்பேட்டையில் கடை வைத்திருக்கிறார். பட்டன், லேஸ், ரிப்பன், ஊசி, நூல். முன்னறை கடை, பின்னால் வீடு. கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், "அளவு சரியா அமையல" என்று சொல்லிவிட்டு அடுத்த வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விடுவார். கேட்டவர் அதற்கு மேல் நிற்க மாட்டார்.

இவர்களுடைய அப்பா எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். பூமிக்குள் நேராக இறங்கும் ஷாஃப்ட் குழியின் வாசலில் நின்று, ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜுக்குப் பெல் அடிக்கிற வேலை. ஆள் ஏறிய கூண்டு கீழேயிருந்து மேலே வரவேண்டுமானால், கீழே இருப்பவர் பெல் அடிப்பார். மேலே இருப்பவர் அதே பெல்லைத் திருப்பி அடிக்க வேண்டும். கேட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். பதில் பெல் வராமல் கேஜ் நகராது. அண்ணி படித்த காலத்தில் தம்பிக்காரர்தான் அவரைச் சக்கரம் வைத்த மரப்பெட்டியில் உட்கார வைத்துப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போவாராம். அதற்கும் கேஜ் என்றே பெயர். அக்கா சைக்கிள் பெல்லை அடிப்பார், தம்பி இன்னொரு பெல்லால் பதில் சொல்லிவிட்டுத்தான் கயிற்றை இழுப்பார். மழை கொட்டினாலும் இந்த முறை மாறாது என்று என் மாமியார் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

மாமியார் போன பிறகு அண்ணி தனியாகத்தான் இருந்தார். எல்லாம் நன்றாகத்தான் போனது. தீபாவளிக்கு மறுநாள் கடை லீவு. அன்றைக்குக் காலையில் குளியலறையில் வழுக்கி விழுந்தவர், எழ முடியாமல் சாயங்காலம் வரை தரையிலேயே கிடந்திருக்கிறார். பக்கத்து வீட்டு ஹரோல்ட், இருட்டிய பிறகும் விளக்கு எரியவில்லையே என்று வந்து பார்த்ததால் தெரிந்தது. எலும்பு முறியவில்லை. ஆனால் என் வீட்டுக்காரருக்கு உள்ளே ஏதோ முறிந்துவிட்டது. அன்றைக்கு நாங்கள் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் மிச்சமிருந்த அதிரசத்தைத் தின்றுகொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தோம். அதை நினைத்து நினைத்து அவர் சரியாகத் தூங்கவில்லை. அதற்காக அவரை நான் கேலி செய்ததில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் செய்திருக்கிறேன்.

கடையை வாடகைக்கு விட்டுவிட்டு எங்கள் வீட்டுப் பின்னறைக்கு வந்துவிடு என்று அக்காவிடம் கேட்டார். அண்ணி முடியாது என்றார். கெஞ்சினார், கோபித்தார், அம்மா படத்தைக் காட்டினார். எதுவும் பலிக்கவில்லை. எனக்கு அண்ணியை மிகவும் பிடிக்கும். ஒரே சமையலறையில் இருந்தால் பிடிக்காமல் போய்விடுமோ என்ற பயமும் உண்டு. அதனால் நான் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் ஒரு ஒப்பந்தம் ஆனது. தனியாக இருப்பவருக்கு என்னென்ன சாதனங்கள் வேண்டுமோ அத்தனையும் அவர் செய்து வைப்பார். ஒரு மாதம் சோதனை. யார் உதவியும் இல்லாமல் அண்ணி சமாளித்தால் அங்கேயே இருக்கலாம். இல்லையென்றால் மறு பேச்சில்லாமல் பின்னறை.

அண்ணி சரி என்றார். அவர் சிரித்த விதத்திலேயே என் வீட்டுக்காரர் உஷாராகியிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் வேலை நடந்தது. கூட வேலை பார்க்கும் ராஜேந்திரனையும் இழுத்துக்கொண்டு போவார். முதலில் குளியலறைக்குக் கைப்பிடிக் கம்பி. சாதாரணக் குழாய் போதாதாம். புல்டோசருக்குப் போடுகிற தடிமனில் ஒன்றைத் தேடிப் பிடித்து வெல்டிங் வைத்தார். பலம் பார்க்க அவரும் ராஜேந்திரனும் ஒரே சமயத்தில் அதில் தொங்கினார்கள். கம்பி அசையவில்லை. பச்சைப் பொட்டு வைத்தார். ஆனால் கம்பியை அவர் தன் தோள் உயரத்துக்கு வைத்திருந்தார். அண்ணி அதில் துண்டைக் காயப்போட்டார்.

அடுத்தது உட்கார்ந்து குளிக்க இரும்பு நாற்காலி. அதை உள்ளே கொண்டுவர நான்கு பேர் வேண்டியிருந்தது. வெளியே எடுக்க யாரும் முன்வரவில்லை. பக்கவாசல் படிக்கு மேல் சரிவுப் பலகை ஒன்று, வரிவரியாகப் புடைத்த இரும்புத் தகட்டில். அதில் ஈரம் பட்டால் காலிபர் பூட்ஸ் வழுக்கும். தெரு ஆடுகளுக்கு வழுக்கவில்லை. வெயில் ஏறியதும் இரண்டு ஆடுகள் வந்து அதில் சுகமாகப் படுத்துக்கொள்ளும். பரணில் உள்ளதை எடுக்க நீளமான இடுக்கி ஒன்றும் செய்தார். அது டப்பாவைப் பிடிக்கும், பாதி வழியில் விட்டுவிடும். எல்லாவற்றுக்கும் பச்சைப் பொட்டு விழுந்தது.

அண்ணி தனக்கென்று ஏற்கெனவே சிலவற்றைச் செய்து வைத்திருந்தார். குழந்தைகளின் நடைவண்டிச் சக்கரத்தைக் கழற்றிப் பொருத்திய குட்டை முக்காலி. அதில் உட்கார்ந்தபடியே சமையலறை முழுவதும் உருண்டு வருவார். பொருளைக் கொக்கி போட்டு இழுக்க வளைந்த பிடி வைத்த ஒரு குடை. சமையலறையிலிருந்து குளியலறை வரை இடுப்பு உயரத்தில் கட்டிய ஒரு கயிறு. என் வீட்டுக்காரர் மூன்றையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அளவு இல்லை, பூட்டு இல்லை, பலம் சோதித்ததற்கு அடையாளம் இல்லை என்றார். மூன்றுக்கும் சிவப்புப் பொட்டு. அண்ணி அந்தச் சிவப்புப் பொட்டு முக்காலியில் உருண்டுபோய் எங்கள் எல்லோருக்கும் காபி போட்டுக் கொண்டுவந்தார்.

எல்லாவற்றுக்கும் சிகரம் வைத்தது பெல்தான். குளியலறையில் ஒரு பொத்தான், கட்டிலருகே ஒன்று, சமையலறையில் ஒன்று. எதை அழுத்தினாலும் ஹரோல்ட் வீட்டில் சத்தம் கேட்கும். முதலில் தொழிற்சாலையில் வைக்கிற மாதிரி ஒரு சங்கை மாட்டினார். அதை அழுத்திப் பார்த்த அன்று தெருவே வெளியே வந்துவிட்டது. ஷிப்ட் நேரம் மாறிவிட்டதென்று நினைத்து ஒருவர் சாப்பாட்டுக் கேரியரோடு வந்து நின்றார். தெருவில் எல்லோரும் முறையிட, அதைக் கழற்றிவிட்டு ஹரோல்டின் உள்ளறையில் சின்ன பெல் வைத்தார். அது ஹரோல்ட் வீட்டுக்கு வெளியே யாருக்கும் கேட்காது. வாரத்துக்கு வாரம் அதையும் இரண்டு மூன்று தடவை அழுத்திச் சோதிப்பார். ஹரோல்ட் பாவம், ஒவ்வொரு தடவையும் வருவார். சுரங்க ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவர், அவரும் தனி ஆள். சட்டையில் கடைசிப் பொத்தான் வரை போட்டு, தொப்பி வைக்காமல் வாசலைத் தாண்ட மாட்டார்.

மாதம் முடியப் போகும் சமயத்தில் தகராறு வந்தது. எங்கள் ஊரில் தண்ணீர் தினமும் வராது. வருகிற அன்று தெருக்குழாயில் பிடித்து வைத்தால்தான் உண்டு. எத்தனையோ வருஷமாக அண்ணியின் குடங்களையும் ஹரோல்ட்தான் நிரப்புவார். தண்ணீர் வருகிற அன்றைக்கெல்லாம் அவருக்குச் சாப்பாடு அண்ணி வீட்டில். அவர் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக் கொடுப்பதும் அண்ணிதான். இது அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாடு. அப்படித் தண்ணீர் வந்த ஒரு நாள் என் வீட்டுக்காரர் தற்செயலாக அங்கே போனவர், ஹரோல்ட் இரண்டு கையிலும் குடத்தோடு வருவதைப் பார்த்துவிட்டார். பெயின்ட் டப்பா கையில் இருந்திருந்தால் ஹரோல்டுக்கே சிவப்பு வைத்திருப்பார்.

"வேற ஒருத்தர் தண்ணி புடிச்சுக் குடுத்தா அது தனியா சமாளிக்கறது இல்லக்கா. நீ ஃபெயில்" என்றார்.

அண்ணி கையிலிருந்த லேஸைச் சுருட்டி வைத்தார். தம்பி வீட்டில் பெருமையடித்துக்கொள்கிற விஷயம் ஒன்று அவருக்கும் தெரியும். எதையும் அளப்பதற்கு முன்னால் அளக்கிற கருவியைச் சோதிக்க வேண்டும். அதற்கென்று தொழிற்சாலையில் தப்பே இல்லாத ஒரு துண்டு வைத்திருப்பார்கள். அதன் பெயர் மாஸ்டர். அதில் சரியாகக் காட்டாத கருவியைத் தொடவே மாட்டேன் என்பார் இவர்.

"இன்னாடா பாஸ்கரா, உன் பரீட்சைய மாஸ்டர்ல வச்சுப் பாத்தியா?" என்று கேட்டார் அண்ணி. "ரெண்டு காலும் நல்லா கீற ஆளு ஒருத்தன் இந்த ஊட்ல உன் சாமானெல்லாம் வச்சிக்கினு, யார் ஒதவியும் இல்லாம இருந்து காட்டட்டும். அவன் பாஸானா உன் பரீட்சை சரி. நான் பொட்டிய கட்டிக்கினு வந்துடறேன்."

அந்த ஆள் யார் என்று கேட்கும் அளவுக்கு என் வீட்டுக்காரர் அப்பாவி இல்லை. ஆனால் மாஸ்டர் என்று சொல்லிவிட்டார்களே. மறுக்க முடியவில்லை. அடுத்த சனிக்கிழமை மதியத்திலிருந்து ஞாயிறு சாயங்காலம் வரை அவர் அங்கே தனியாக இருப்பது, அண்ணி எங்கள் வீட்டுக்கு வருவது என்று முடிவானது. ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் வரும் நாள் என்பது அண்ணிக்குத் தெரியும். அவர் அதைச் சொல்லவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை.

கிளம்பும்போது அண்ணி இன்னொன்றும் செய்தார். அளவு சமமாக இருக்க வேண்டும் என்று, துணி அளக்கிற மரக்கோலைத் தம்பியின் வலது காலோடு வைத்து ரோஸ் நிற ரிப்பனால் முழங்காலுக்கு மேலும் கீழும் இறுக்கிக் கட்டினார். பூ முடிச்சு போட்டார். முழங்கால் மடங்காது. பழைய ஊன்றுகோல் ஒன்றையும் கையில் கொடுத்தார். பன்னிரண்டு வருஷமாகத் துண்டு எங்கே, கண்ணாடி எங்கே என்று என்னைக் கேட்கிற மனிதர் ரோஸ் ரிப்பனோடு வாசலில் நின்று எங்களுக்குக் கையாட்டினார். ஆட்டோ திரும்புகிற வரைக்கும் நானும் அண்ணியும் அடக்கிக்கொண்டோம். அதற்கப்புறம் முடியவில்லை.

அந்தச் சனிக்கிழமை எனக்கு நன்றாகவே போனது. அண்ணியும் நானும் வடை சுட்டுத் தின்றோம். தோசை கோணலாக வந்ததை யாரும் கவனிக்கவில்லை.

அங்கே நடந்ததைப் பின்னால் அவரும் ஹரோல்டும் சொல்லித் தெரிந்துகொண்டேன். சனிக்கிழமை முழுவதும் அவர் சாப்பிட்டது பிஸ்கட். இடுக்கி காபித்தூள் டப்பாவைப் பரணிலிருந்து எடுத்து நேராக அவர் தலையில் போட்டதாம். கம்பு கட்டிய காலோடு இரும்பு நாற்காலியைத் தள்ள முடியாமல் அதைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறார். யாரும் பார்க்கவில்லை என்று நிச்சயமான பிறகு, சிவப்புப் பொட்டு வைத்த முக்காலியில் உட்கார்ந்து உருண்டிருக்கிறார். நன்றாக உருண்டதாம். இதை அவராகச் சொல்லவில்லை, நான் துருவிக் கேட்டேன்.

ஞாயிறு காலையில் தண்ணீர் வந்தது. ஹரோல்ட் குடத்தை எடுக்க வந்தார். உதவி கூடாது என்று இவர் திருப்பி அனுப்பிவிட்டார். ஒரு கையில் ஊன்றுகோல், ஒரு கையில் குடம். பாதித் தண்ணீர் சரிவுப் பலகையில் கொட்டியது. மீதிக் குடத்தோடு குளியலறைக்குள் போனவர் வழுக்கினார். பிடித்துக்கொள்ளக் கை நீட்டியிருக்கிறார். புல்டோசர் கம்பி மேலே எங்கேயோ இருந்தது. நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவில் போய் உட்கார்ந்துவிட்டார். இடுப்பு பிடித்துக்கொண்டது. எழ முடியவில்லை.

பெல் பொத்தானும் கம்பிக்குப் பக்கத்தில், நிற்கிறவருக்கு வசதியாக இருந்தது. விழுந்து கிடப்பவருக்குத்தான் அது வேண்டும் என்பது அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு நாளும் இவருக்குத் தோன்றவில்லை. ஈர ரிப்பன் முடிச்சு அவிழாமல் பல்லால் கடித்து அவிழ்த்து, மரக்கோலை எடுத்து, அதன் நுனியால் பொத்தானைக் குத்தியிருக்கிறார்.

ஒன்றும் கேட்கவில்லை. கேட்காதபடி வைத்தவரே அவர்தான். மறுபடி அழுத்தினார். கரண்ட் இருக்கிறதா என்று தெரியவில்லை. ஒயர் அறுந்திருக்குமோ, ஹரோல்ட் குழாயடியில் இருக்கிறாரோ, கோபித்துக்கொண்டு சர்ச்சுக்குப் போய்விட்டாரோ. திரும்பத் திரும்ப அழுத்தினார். கத்தியும் பார்த்தார். அன்றைக்குத் தண்ணீர்ச் சண்டையில் தெரு முழுக்கச் சத்தம், அவர் குரல் எடுபடவில்லை.

ஹரோல்டுக்கு முதல் தடவையே கேட்டுவிட்டது. வழக்கமான சோதனை என்று நினைத்துக்கொண்டார். ஆனாலும் சட்டைப் பொத்தான் ஒவ்வொன்றாகப் போட்டு, தொப்பியைத் தேடி வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். அவரும் வழியில் போன இரண்டு பேரும் சேர்ந்து இவரைத் தூக்கிக் கட்டிலில் போட்டார்கள். பிறகு ஹரோல்ட் கடை போனிலிருந்து எங்களைக் கூப்பிட்டார்.

நாங்கள் போனபோது என் வீட்டுக்காரர் தைல வாசனையோடு அண்ணியின் கட்டிலில் மல்லாந்து கிடந்தார். நான் சொல்வதற்கென்று வழியெல்லாம் நல்ல நல்ல வார்த்தைகளாகச் சேர்த்து வைத்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் ஒன்றையும் சொல்லவில்லை. ஹரோல்ட் மட்டும், "டெஸ்டிங்னு நெனச்சேன் மேன், இல்லன்னா தொப்பி போடாமயே வந்திருப்பேன்" என்று சொல்லிக்கொண்டு நின்றார். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

அண்ணி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தம்பியின் இடுப்பை அழுத்திப் பார்த்தார்.

"பெல்லு அங்க அடிச்சிச்சா இல்லையான்னே தெரியலக்கா" என்றார் அவர், கூரையைப் பார்த்துக்கொண்டு. "கொஞ்ச நேரத்துக்கே பயந்துட்டேன். அன்னிக்கு நீ சாயங்காலம் வரைக்கும் இப்டியேதான் கெடந்தியா?"

"கெடந்தேன். வலி கூட பெரிசா இல்லடா. கத்தினது யாருக்கானா கேட்டுச்சான்னு தெரியல பாரு, அதான்" என்றார் அண்ணி. பிறகு, "பதில் பெல்லு வராம கேஜ் நவுராதுன்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீதான். இங்க மட்டும் ஒத்தப் பக்கம் வச்சிட்டியே" என்றார்.

என் வீட்டுக்காரர் அழுததை நான் அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தேன், மாமியார் போனபோது. இப்போது தைலம் கண்ணில் பட்டுவிட்டது என்றார். தைலம் இடுப்பில் இருந்தது. நாங்கள் யாரும் அளந்து பார்க்கவில்லை.

இடுப்பு சரியாக இரண்டு வாரமானது. அடுத்த ஞாயிறு அவர் பெயின்ட் டப்பாவோடு போனார். நானும் போனேன், வேடிக்கையை விட மனமில்லை. இந்தத் தடவை அவர் அளக்கவில்லை. அண்ணியை ஒவ்வொரு இடத்திலும் உட்காரச் சொல்லி, எழச் சொல்லி, கை எங்கே போகிறது என்று பார்த்தார். கம்பி அண்ணியின் இடுப்புக்கு இறங்கியது. பெல் பொத்தான் தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்கு வந்தது. இரும்பு நாற்காலிக்குச் சிவப்பு வைத்தார், அதை வெளியே எடுக்க மறுபடி நான்கு பேரைத் தேடினோம். இடுக்கிக்கும் சிவப்பு. சரிவுப் பலகையின் மேல் ரப்பர் பாய் ஒட்டி மஞ்சள் வைத்தார். ஆடுகள் பச்சை கொடுத்திருக்கும். முக்காலியின் சிவப்பைச் சுரண்டிவிட்டு, பக்கத்தில் மண்டியிட்டு, நல்ல பெரிய பச்சைப் பொட்டாக வைத்தார். குடைக்கும் கயிற்றுக்கும்கூட வைத்தார். ஹரோல்ட் தண்ணீர் பிடிப்பதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

பச்சைக்கு மேல் பச்சையாக வைத்துக்கொண்டு வந்தவரின் கையிலிருந்து அண்ணி பிரஷ்ஷை வாங்கினார். மஞ்சளில் தொட்டார். தம்பியின் சட்டைப்பையில் ஒரு பொட்டு வைத்தார்.

"திருத்திக்கினு வா" என்றார்.

கடைசியாக ஒயர் வேலை. ஹரோல்ட் வீட்டில், அவர் வழக்கமாக உட்காரும் நாற்காலிக்கு அருகிலேயே ஒரு பொத்தான். அதை அழுத்தினால் அண்ணி வீட்டில் பெல் அடிக்கும். சட்டைப் பொத்தான் போடுவதற்கு முன்பே பதில் சொல்லிவிட வேண்டும் என்று ஹரோல்டிடம் சத்தியம் வாங்கியாயிற்று. பதில் இரண்டு பக்கமும்தான். அவரும் தினம் காலையில் அடிக்க வேண்டும், அண்ணி பதில் சொல்ல வேண்டும். தனக்கெதற்கு இதெல்லாம் என்று அவர் கொஞ்சம் முறைத்துக்கொண்டார், ஆனால் பொத்தானைத் துடைத்து வைத்துக்கொண்டார்.

எல்லாம் முடிந்ததும் அண்ணி சிவப்பு நீங்கிய முக்காலியில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினார்.

சத்தமில்லை. நான் சுவரைப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்தபடி அசையாமல் நின்றார். அவர் உதடு ஏதோ எண்ணுகிற மாதிரி அசைந்தது.

பெல் அடித்தது. சின்னச் சத்தம்தான், சைக்கிள் பெல் அளவுக்கு.

அவர் சட்டென்று அக்காவைப் பார்த்தார். அண்ணி ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு, புதுக் கம்பியைப் பிடிக்காமலே எழுந்தார்.

"சரி, கேஜ் நவுரலாம்" என்றார். "நான் கடையத் தொறக்கணும். நீங்க உங்க ஊட்டுக்குப் போங்க."